எதைச் சிவப்பில் வரைவது

“ஏம்மா, ஒரு நாட்டை முடிக்கிறதுன்னா என்ன, பழைய கட்டடத்தை இடிக்கிற மாதிரியா? அங்க இருக்கிற சனத்தையெல்லாம் எங்க கொண்டுபோய் வைப்ப? கடல்லயா?”

கேட்டவர் எங்கள் மேனேஜர், கோயம்புத்தூர்க்காரர். கட்டட வரைபடம் போடும் எங்கள் துபாய் அல் கூஸ் ஆபீசில், பக்கத்து மேசைத் தோழியும் நானும் ட்யூட்டி முடிந்து என் லேப்டாப்பில் போட்டுக்கொண்டிருந்த படத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார். தோழி பாலஸ்தீனத்துக்காரி, பிறந்தது ஷார்ஜாவில். 1948இல் அவள் தாத்தா விரட்டப்பட்ட கிராமத்தின் மேல் இன்று இஸ்ரேலின் ஊர் ஒன்று நிற்கிறது; இடிபடாமல் மிஞ்சிய தாத்தா வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. இஸ்ரேல் என்ற நாடு முடிந்து, விரட்டப்பட்டவர்கள் திரும்பினால் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றுக்குப் படம் கேட்டிருந்தார்கள்.

எங்கள் தொழிலில் முதலில் போடுவது இடிப்புப் படம். போக வேண்டியது சிவப்பு, நிற்க வேண்டியது கறுப்பு. முதலில் அவள் ஊரையே சிவப்பாக்கினாள். மறுநாள் அவளே வீடுகளை ஒவ்வொன்றாகக் கறுப்புக்கு மாற்றினாள்.

“ஷார்ஜாவுல பிறந்த எனக்கே கஃபீல்னு ஒரு ஸ்பான்சர் கையெழுத்துப் போட்டாத்தான் இருக்க இடம். அப்படி ஒரு வாழ்க்கையை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்” என்றாள்.

“அப்ப உங்க தாத்தா வீட்ல இப்ப இருக்கிறவங்க?” என்று கேட்டேன்.

லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டு எழுந்து போனாள். மறுநாள்தான் பதில் வந்தது. “பட்டா எங்க பேர்ல. அவங்களுக்கு வேற வீடு கட்டி முடிச்ச பிறகு சாவி எங்க கையில.”

கடைசியில் சிவப்பில் நின்றவை வேலியும் ராணுவச் சாவடியும்தான். காலி நிலத்தில் திரும்பி வருகிறவர்களுக்கு வீடுகள் வரைந்தோம். கோட்டில் வராததை ஓரத்தில் எழுதினோம்: எல்லோருக்கும் ஒரே அடையாள அட்டை, ஒரே ஓட்டு, நிலத்துக்கு ஒரே சட்டம்.

மேனேஜரிடம் சொன்னேன். “ஆளுங்க யாரும் போகல சார். அவனுக்கு ஒரு சட்டம், இவனுக்கு ஒரு சட்டம்னு இருக்கே, அதுதான் போகுது. அது போனாலே அது பழைய நாடு இல்ல.”

“நல்லாத்தான் பேசுற. படத்துல உன் பேர் மட்டும் வேணாம். விசா ரென்யூவல் வருதுல்ல? உங்கப்பா அபுதாபி முசஃபாவுல வெல்டிங் அடிச்சுப் படிக்க வச்சது இதுக்கா?”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படத்தின் மூலையில் ‘வரைந்தவர்’ என்றொரு கட்டம் உண்டு. அதில் உன் பேரைப் போடாமல் விடு, கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றாள் தோழி. அப்பாவோ போனில் கெஞ்சினார்.

“பேரு கீரு வேணாம்த்தா. வேலை போயிருச்சுன்னா?”

“வேற தேடிக்கிறேன்ப்பா. வரைஞ்சது நான்தானே?”

“இந்த வாய எங்கதான் படிச்சியோ!”

“நீங்க கட்டின பீஸுலதான்.”

சிரித்தார், ஆனால் சரி என்று சொல்லவில்லை.

படம் நேற்றுப் போய்விட்டது. கட்டத்தில் எங்கள் இரண்டு பேர்களும் முழுதாக இருக்கின்றன. மேனேஜருக்கும் ஒரு காப்பி அனுப்பிவிட்டேன்.