வாசலில் நிற்கிறேன் என்று சொன்னவர்

விமான நிலையத்தில் புதிதாகக் கட்டிய அடுக்கு பார்க்கிங்கில் வாடகை வண்டியை விட்டால், கேமரா நம்பரைப் படித்துவிடுமாம். அதன் பிறகு ஒரு வருடத்துக்கு அந்த வண்டி நிலையத்தின் எல்லைக்குள்ளேயே வர முடியாதாம். இதை என்னிடம் சொன்னவர் அத்தான். அவரிடம் சொன்னவர் 'கண்ணாடி' என்று எல்லோரும் கூப்பிடும் இன்னொரு டிரைவர். மழை நாளில்கூடக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். கண்ணாடிக்கு பெட்ரோல் பங்கில் யாரோ சொன்னார்களாம். பங்கில் ஆறு மாதமாக இருந்தது கண்ணாடியிடம் ஒரு வருடமானது. அத்தான் வாயால் நான் இரண்டாவது முறை கேட்டபோது அது ஆயுள் தண்டனையாகியிருந்தது.

"யாருக்காவது அப்படி ஆயிருக்கா அத்தான்?"

"ஆனவன் எப்படி வந்து சொல்லுவான் மாப்ள? அவனத்தான் உள்ளயே விட மாட்டாங்களே."

அத்தான் என் அக்காவின் கணவர். இருபத்தாறு வருடமாக விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டுகிறார். வெளிநாட்டில் இருந்து வருடத்துக்கு ஒருமுறை லீவில் வரும் என்னையும் அவர்தான் ஏற்றிக்கொண்டு போவார். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் பார்க்கிங்குக்குக் காசு கொடுத்ததில்லை, பயணிகள் வெளியே வரும் வாசலில் நின்றதும் இல்லை. அவர் காத்திருக்கும் இடம் மேம்பாலத்துக்குக் கீழே, தகரக் கூரை போட்ட ஒரு திடல். 'ஷெட்' என்பார்கள். அங்கே சீட்டைச் சாய்த்துப் படுத்திருப்பார். டேஷ்போர்டில் சாப்பாட்டு டப்பா, அதன் மேல் போன்.

அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. "வெளிய வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க சார். நான் எடுக்க மாட்டேன், வந்துடுவேன்." ரிங் வந்த ஏழாவது நிமிடம் வண்டி, பயணிகள் ஏறும் சாலையோரத்தில் பன்னிரண்டாம் தூணுக்கு முன்னால் நிற்கும். போனை எடுக்க மாட்டார். எடுத்தால் எங்கே இருக்கீங்க, எந்தத் தூண், என்ன கலர் வண்டி என்று பேச்சு வளர்ந்து, அதிலேயே ஏழு நிமிடம் போய்விடும் என்பார். வீட்டுக்கும் அதே சட்டம்தான். ஏதாவது வேண்டுமென்றால் மெசேஜ் போட வேண்டும். ரிங் என்றால் அது பயணி. "இந்த மனுஷன்கிட்ட பேசணும்னா நானே ஒரு ஃப்ளைட் டிக்கெட் எடுக்கணும் போல" என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அக்கா போய் ஒரு வருடம் ஆகிறது. நெஞ்சு வலி என்று படுத்தவள், இரண்டே நாளில் இல்லை. வேறொரு நாட்டில் வேலை பார்க்கும் அவர்கள் ஒரே மகள், கிடைத்த விமானத்தில் ஏறி மறுநாள் மதியம் வந்து இறங்கினாள். பழக்கப்படி மிஸ்டு கால் கொடுத்தாள். அன்றைக்கென்று யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று பாதையை மறித்துவிட்டார்கள். அத்தான் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அவள் அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று அழுதிருக்கிறாள். முன்பின் தெரியாத ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாராம். அதைப் பற்றி அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாம் நாள் திரும்பிப் போகும்போது டாக்சி வைத்துக்கொண்டு போனாள்.

பிறகு ஒரு வருடம் அவளிடமிருந்து அவருக்கு வந்தது 'சாப்பிட்டீங்களா' மெசேஜ் மட்டும்தான். போன வாரம், நான் லீவில் வந்திருந்தபோது, அப்பாவிடம் பேச வேண்டும் என்று அவளே என் போனுக்குக் கூப்பிட்டாள். அத்தானுக்குக் கொஞ்சம் காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"ஒரு வாரம் லீவு கெடச்சிருக்குப்பா. வரட்டா?"

"வாம்மா, கேக்கணுமா? ஃப்ளைட் நம்பர அனுப்பு. வெளிய வந்ததும் ஒரு மிஸ்டு..."

"மிஸ்டு கால் எல்லாம் குடுக்க மாட்டேன். நான் வெளிய வரும்போது நீங்க வாசல்ல நிக்கணும்."

"வண்டிய எங்கம்மா விடுறது?"

"அது எனக்குத் தெரியாது. ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் யாரோ ஒருத்தர் வந்து நிக்கறாங்க. எனக்கு ஒரே ஒரு தடவை நில்லுங்க. முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் ஃப்ரெண்டு வீட்டுலயே தங்கிக்கறேன். அம்மா இல்லாத வீட்டுக்குத் தனியா வந்து எறங்க என்னால முடியாதுப்பா."

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்துச் சொன்னார். "நிக்கிறேம்மா. வாசல்ல நிக்கிறேன்."

அந்த வாரம் முழுக்க அவர் சரியாக ஓட்டப் போகவில்லை. குளியலறையில் மாதக்கணக்காக எரியாத பல்பை மாற்றினார். அவள் போடும் சோப்பு எது என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? கடைக்குப் போய் மூன்று விதமாக வாங்கி வந்து வரிசையாக வைத்தார். அவள் அறையில் அக்காவின் புடவைகள் மூட்டையாகக் கிடந்தன. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அறை அறையாகத் தூக்கிக்கொண்டு நடந்து, கடைசியில் தன் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

விமானம் பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு. பன்னிரண்டரைக்கே ஷெட்டுக்கு வந்துவிட்டோம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அவர் சீட்டில் சாயாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். பயணிகளின் பெயர் எழுதும் வெள்ளைப் பலகையை எடுத்து, பழைய பெயரைக் கட்டைவிரலால் அழித்துவிட்டு 'பாப்பா' என்று எழுதினார். நான் பார்ப்பது தெரிந்ததும் அதையும் அழித்துவிட்டார்.

விமானம் எங்கே வருகிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். "அத்தான், இப்பவே பார்க்கிங்ல போட்டுடலாம்."

"அவசரப்படாத. கேமரா இருக்கு. இந்த வண்டி போச்சுன்னா நான் என்ன பண்றது?"

"அப்ப நீங்க வாசல்ல எறங்கிக்குங்க. நான் வண்டிலயே உக்காந்திருக்கேன்."

"செக்யூரிட்டி வந்து எடுன்னு சொன்னா எடுப்பியா?"

நான் இருக்கும் நாட்டில் சாலையின் மறுபக்கம் ஓட்டுவார்கள். இங்கே நான் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பல வருடமாகிறது. மாட்டேன் என்று தலையாட்டினேன்.

"அப்புறம் வண்டில நீ இருந்தா என்ன, ஸ்டெப்னி இருந்தா என்ன?"

இப்படிப் பேசிப் பேசியே நேரம் போனது. விமானம் இருபது நிமிடம் முன்னதாக இறங்கிவிட்டது என்று போன் காட்டியதும் அதை அவர் முன்னால் நீட்டினேன். அத்தான் வண்டியைக் கிளப்பினார். ஷெட்டைத் தாண்டி நேராக அடுக்கு பார்க்கிங்குக்கே விட்டார். நுழைவில் டோக்கனை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, கேமரா இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பாமல் உள்ளே போனார். கேமரா படிப்பது முகத்தையல்ல, நம்பரை என்று அவரிடம் யார் சொல்வது?

முதல் தளத்தில் இடமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது தளத்தின் மூலையில், தெரிந்த வண்டி ஒன்று நின்றது. உள்ளே சீட்டைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியும் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தார் கண்ணாடி. அதைச் சுற்றி இன்னும் நாலைந்து வாடகை வண்டிகள்.

அத்தான் இறங்கிப் போய் ஜன்னலைத் தட்டினார். "டேய், ஒரு வருஷம்னு சொன்ன?"

கண்ணாடி கொட்டாவி விட்டார். "அண்ணே, அப்படிச் சொல்லலைன்னா எனக்கு இங்க எடம் கெடைக்குமா? ஷெட்டே இங்க வந்து நிக்கும்."

அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, கதவை மட்டும் ஓங்கிச் சாத்தினார்.

நான்காம் தளத்தில் ஒரு குடும்பம் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. ஒரு பெட்டி அடங்கவில்லை. எல்லாவற்றையும் இறக்கி, வேறு மாதிரி அடுக்கினார்கள். அத்தான் இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். "நீங்க எறங்கி ஓடுங்க அத்தான், வண்டி இங்கயே நிக்கட்டும்" என்றேன். பின்னால் மூன்று வண்டிகள் ஹாரன் அடித்தன. "இதோ, எடுத்துடுவாங்க" என்றார்.

அப்போதுதான் டேஷ்போர்டில் போன் அடித்தது. மகளின் பெயர்.

அவர் கை போனுக்குப் போகவில்லை. கியருக்குப் போனது. நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் வண்டி இறக்கப் பாதையில் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது.

"அத்தான், எடுங்க! எடுத்துப் பேசுங்க!"

"வெளிய வந்துட்டா. ஏழு நிமிஷம்."

"அவ மிஸ்டு கால் குடுக்க மாட்டேன்னு சொன்னாளே!"

போன் முழுதாக அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தளத்துக்கு வந்தபோதுதான் அவர் பிரேக்கை மிதித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. பாதை ஒருவழி; பின்னால் வண்டிகள். திரும்பவும் மேலே ஏற வழியில்லை. என் போனிலிருந்து அவளை அழைத்தேன். லைன் பிஸி; வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். வெளியேறும் தடுப்பில் ஒன்பது வண்டிகள் வரிசையில் நின்றன. அதைத் தாண்டி, நிலையத்தையே ஒரு சுற்றுச் சுற்றிப் பன்னிரண்டாம் தூணுக்கு வந்தபோது பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது.

அங்கே யாரும் இல்லை. தள்ளுவண்டிகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த ஆள் அத்தானுக்குப் பழக்கம்.

"ஒரு பொண்ணு வந்துச்சா? நம்ம பொண்ணு. இருபத்தஞ்சு வயசு..."

"சின்னப் பையோட வந்துச்சே, அதுவாண்ணே? ரொம்ப நேரம் வாசல்லயே நின்னுச்சு. போர்டு புடிச்சிருக்கறவங்க மூஞ்சிய எல்லாம் ஒவ்வொண்ணா பாத்துச்சு. யாருக்கோ போன் அடிச்சுச்சு, எடுக்கல போல. அப்புறம் டாக்சி வந்துச்சு, ஏறிடுச்சு. உங்க பொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா நிக்க வெச்சிருப்பேனே."

"எந்தப் பக்கம் போச்சு?"

"இங்க எல்லா வண்டிக்கும் ஒரே பக்கம்தானேண்ணே."

அத்தான் இன்ஜினை அணைக்காமலே இறங்கினார். கதவு திறந்தபடி கிடந்தது. பின்னால் செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தான். நான் இருந்த இடத்திலிருந்தே இரண்டு கைகளையும் கூப்பினேன். அத்தான் கம்பித் தடுப்பை நோக்கி நடந்தார். பலகைகளும் பூங்கொத்துகளும் பிடித்துக்கொண்டு நின்ற கூட்டத்துக்குள் புகுந்து, முன்வரிசைக்குப் போய், வாசலுக்கு நேராக நின்றார். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. யார் யாரோ வந்தார்கள். அவர் மகளை அழைத்துவிட்டுப் போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். முழுச் சத்தத்தில் வைத்த ஸ்பீக்கரில் ரிங் போவது வண்டி வரைக்கும் எனக்குக் கேட்டது. ஒருமுறை முழுதாகப் போய் நின்றது. அவர் மறுபடியும் அழுத்தினார்.

செக்யூரிட்டி வண்டிக் கூரையைத் தட்டினான். ரிங் போய்க்கொண்டிருந்தது.