மூடிய மாத்திட்டீக!

சிவகாசியில் கண் சோதிக்கிற வேலைக்கு வந்தால் முதலில் பழக வேண்டியது, எதிரே உட்காருகிறவர் நம்மை நம்ப மாட்டார் என்பதைத்தான். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அவதிப்படும் சக ஜீவன்களே, உங்களுக்கு இது புரியும்.

மருந்து

எம். புதுப்பட்டியிலிருந்து மாரீஸ்வரி வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் பெட்டி கட்டுகிறவள். இரண்டு கண்ணும் பிதுங்கி, இமை மேலேறி நின்றது. தைராய்டோ என்று எனக்குச் சந்தேகம். "மருந்து ஏதும் எடுக்கீகளா?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் பக்கம் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான். கம்பெனியைத் துப்பறிய வந்த ஆளோ என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மருந்து ரூமுப் பக்கமே நான் போறதில்ல. ஒங்களுக்கு யாரு சொன்னா?"

முறைப்பு

மாத்திரை என்று மாற்றிக் கேட்டேன். உடம்பு தேறிவிட்டதென்று தைராய்டு மாத்திரையை அவளே நிறுத்தியிருக்கிறாள். கூட வந்த கணவர் கருப்பசாமிக்கோ வேறு கவலை. இமை ஏறியதால் அவள் சும்மா பார்த்தாலும் முறைப்பதுபோல் இருக்கும். அதற்காகவே போர்மேன் அவளை வேலையை விட்டு நிறுத்தப் பார்க்கிறாராம். என்னைத் தனியே இழுத்துப்போய்க் கிசுகிசுத்தார்.

"நெசமாவே நோயா, இல்ல இதான் சாக்குன்னு என்னய மொறைக்காளா?"

மூடி

கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்துப் புட்டிக்குச் சிவப்பு மூடி. ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணுக்கு அதைக் காட்டுவோம். பார்வை நரம்பு நசுங்கினால் பெரும்பாலும் சிவப்புதான் முதலில் மங்கும். மாரீஸ்வரியின் வலது கண்ணுக்கு நல்ல சிவப்பு. இடது கண்ணுக்கு, வெயிலில் கிடந்து வெளுத்த பட்டாசு லேபிள் மாதிரி இருக்கிறது என்றாள். எனக்குப் பகீரென்றது. கருப்பசாமி மூடியைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நடுவுல மூடிய மாத்திட்டீக. கலருக்குள்ளயே கெடக்குற ஆளுக நாங்க, எங்ககிட்டயேவா?"

படம்

டாக்டரம்மா விழித்திரையைப் படம் எடுத்துக் காட்டினார். வழவழவென்று இருக்க வேண்டியது, கசங்கிய தாள்போல் வரிவரியாக மடிந்திருந்தது. "தைராய்டு நேரா விழித்திரையத் தொடல. கண்ணுக்குப் பின்னால தசை வீங்கி அழுத்துது, அதான் இந்த மடிப்பு. நரம்பும் நசுங்குது. உடனே மதுரைக்குப் போய் ஊசி போடலைன்னா பார்வையே போயிரும்" என்றார்.

கருப்பசாமி சிரித்தார். கழுத்தில் வியாதி, கையில் ஊசி, கண் எப்படிச் சரியாகும், ஊருக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்றார். ஊருக்குப் போனவர்கள் திரும்பாத கதை எனக்குத் தெரியும். பயமாக இருந்தது. மாரீஸ்வரி டாக்டரம்மா மதுரைக்கு எழுதிக்கொடுத்த சீட்டை வாங்கி இடுப்பில் செருகினாள்.

"யோசிக்கிறவுக யோசிங்க. மங்குறது எங் கண்ணு. நான் பஸ் ஏறுதேன்."

மறுபடி

மதுரை ஊசிகள் முடிந்து வந்தாள். இடது கண்ணிலும் சிவப்பு சிவப்பாகிவிட்டது. படத்தில் மடிப்புகள் குறைந்திருந்தன. பிதுக்கம் மட்டும் கொஞ்சம் மிச்சம். எனக்கு அப்படியொரு சந்தோஷம், வாயெல்லாம் பல். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க கண்ணும் லேசாப் பிதுங்குனாப்புல இருக்கே. தைராய்டு பாத்துட்டீகளா, இல்ல எங்களுக்குச் சொல்லுறதோட சரியா?"

சந்தேகப் பிராணிகளுக்கு நடுவே இத்தனை காலம் பிழைத்தவன், மறுநாள் தைராய்டு சோதனைக்கு ரத்தம் கொடுக்க விருதுநகர் வரைக்கும் போய்வந்ததை எங்கள் ஆஸ்பத்திரியில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.