மீன்குஞ்சு விடப்போன இடங்கள்

மீன் அற்றுப்போன குளத்திலும் ஆற்றிலும் மறுபடி குஞ்சு விடுகிற தொழிலில், குஞ்சுக்கு முன்னால் நம் உயிர் போய்விடும். அரசாங்க லொறிக்காகக் காத்துக் கிடந்தே தலை நரைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பை சோதனை

லக்கல பக்கம் ஒரு குளத்துக்கு இருபது பொலித்தீன் பைகளில் குஞ்சு கொண்டுபோனோம். கொஞ்சம் தண்ணீர், மிச்சம் ஒட்சிசன் நிரப்பி வாயை இறுக்கிக் கட்டிய பைகள். சோதனைச் சாவடியில் என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைக் கண்டதும் ஆமிக்காரர் எல்லாப் பையையும் அவிழ்க்கச் சொன்னார். "காத்துப் போனா செத்துடும் சேர்" என்று டிரைவர் பண்டார சிங்களத்தில் கெஞ்சியும் நடக்கவில்லை. குளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முக்கால்வாசி செத்து மிதந்தது. திரும்பி வரும்போது மனசு பொறுக்காமல் அதே ஆமிக்காரரிடம் ஒரு பையைத் தூக்கிக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை.

"செத்ததை எங்கிட்ட காட்டாதே. உயிரோட இருக்கிறதைத்தான் நாங்க சோதிக்கணும்."

சினைமீன்

தப்பிய குஞ்சுகள் அதே குளத்தில் சினை பிடிக்கும் அளவுக்கு வளர்ந்தபோது மழை பொய்த்தது. முட்டை போடும்வரை வலை போடாதீர்கள் என்று ஊராரைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனால் கரையெல்லாம் செதில். காடு வெட்டிப் போட்ட சேனைப் பயிரை யானைக்குப் பறிகொடுத்திருந்த ஊர்க்காரர் குணபால ஓடி ஒளியவில்லை. என்னை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்.

"முட்டையோடதான் தின்னோம் மாத்தயா. புள்ளைங்க ரெண்டு நாளா பட்டினி. நீங்கன்னா என்ன செஞ்சிருப்பீங்க?"

ஆறு போகிற தூரம்

டைனமைட் போட்டே மீனை ஒழித்திருந்த சுதுகங்கையில், உக்குவளைக்குக் கீழே குஞ்சு விட்டோம். நன்றாகத்தான் வளர்ந்தது. ஆனால் அது கிளர்ச்சிக்காரர் என்ற சந்தேகத்தில் இளைஞர்களை ஆமி வீடு புகுந்து கொண்டுபோன காலம். ஆற்றில் பிணம் வரத் தொடங்கியதும் அந்த மீனை யாரும் தொடவில்லை.

ஒரு காலையில் ஆற்றைப் பார்க்கப் போனபோது, அங்கே குடியிருந்த சோமாவதி அம்மா என்னோடு கரையோரமாக நடந்து வந்தார். "நீங்க விட்ட மீன் எதுவரைக்கும் போகும் மகனே?" என்று கேட்டார். இந்த ஆறு போய்ச் சேரும் அம்பன்கங்கை வரைக்கும் போகும், வெள்ளம் வந்தால் அதற்கும் கீழே போகும் என்று பெருமையாக விளக்கிக்கொண்டே நடந்தேன். அவர் நின்றுவிட்டார்.

"மீனைக் கேக்கல. போன கிழமை என் மகனை இழுத்துக்கிட்டுப் போனாங்களே, அவனை எதுவரைக்கும் தேடிப் போகணும்னு கேக்கிறேன்."

பதினோரு வருஷ உத்தியோகத்தில் மீனைப் பற்றி நான் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான்; கரையில் நின்ற மனுசர்களைப் பற்றித்தான் வேண்டாத அளவுக்குத் தெரிந்துகொண்டேன்.