ஜசிரேமா சொன்ன ஓர்கிடியா மிஷின்

பொய் சொல்லும்போது ஜசிரேமாவுக்குக் கண் இமைக்காது. பிரேசில் நாட்டின் பெலேம் நகரத்தில் ஜுருனாஸ் பக்கம் ஒரு திரைச்சீலைக் கடையில் வேலை. வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, துணியை விரித்துக் காட்டி, ஆசை மூட்டி விற்க வேண்டும். "இதே கலர்தான் போன வாரம் நீதிபதி வீட்டம்மா எடுத்தாங்க" என்று அவள் சொன்னால், எந்த நீதிபதி என்று கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. சொல்லிவிட்டு ஒரு கணம் துணியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதிலேயே வியாபாரம் முடிந்துவிடும்.

பிற்பகல் மழை ஓய்ந்ததும் வீட்டுக்கு வருவாள். அசாயிப் பழக் கூழும் பொரித்த மீனும் மரவள்ளிப் பொரியுமாகச் சாப்பிட்டுவிட்டுப் பின்னறைக்குப் போவாள். அங்கே இஸ்திரிப் பலகையை விரித்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்தால் அதுதான் அவளுடைய ஸ்டூடியோ. நின்றும் வேலை செய்யலாம், உட்கார்ந்தும் செய்யலாம். பலகையை ஏற்றி இறக்கினால் போதும். அவள் கணவன் அடமோர் ஆற்றில் பயணிகள் படகு ஓட்டுகிறவன். பாதிக் கசங்கின சட்டையோடுதான் வேலைக்குப் போவான். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது.

அவள் செய்வது பிரேகா பாட்டு. காதலித்தவன் கைவிட்டுப் போய்விட்டான் என்று அழுதுகொண்டே, இடுப்பு கழன்று விழுகிற வேகத்தில் ஆடுகிற பாட்டு. டிரம், பேஸ், கீபோர்டு எல்லாம் லேப்டாப்புக்குள்ளேயே இருந்தன. பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற மரினால்வாதான் அவளுக்குப் பாடுவாள். அந்த வருஷம் இருவரும் சேர்ந்து செய்த ஒரு பாட்டின் நடுவே ஒரு சத்தம் வந்தது. படகு மோட்டாருக்குள் மாட்டிக்கொண்ட தவளை, அங்கிருந்தபடியே காதலைச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. நாலு மென்பொருள் வாத்தியங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஸ்ருதியைக் கொஞ்சம் கெடுத்து, தற்செயலாகக் கிடைத்த சத்தம் அது. ஊர் அதற்குப் பைத்தியமானது. அது வருகிற இடத்தில் கூட்டம் மொத்தமும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தவளை மாதிரிக் கத்தியது.

இப்படியிருக்கையில்தான் க்ளெய்ட்சன் அவள் வீட்டு வாசலுக்கு வந்தான். ஊரில் ஞாயிற்றுக்கிழமை விருந்துகளுக்கு ராட்சத ஸ்பீக்கர்களோடு வந்து இறங்குகிற கோஷ்டிகளில், 'மின்சார ஆமை' அவனுடையது. மேடையே ஆமை வடிவத்தில் இருக்கும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது தலை மட்டும் மெதுவாக எழும்பிப் புகை விடும். அவனிடம் சத்தத்தை உண்டாக்குகிற மின்னணுப் பெட்டிகள், சிந்தசைசர்கள், ஒன்பது இருந்தன. அவற்றைக் குளுகுளு அறையில் வரிசையாக நிறுத்தி, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்களைக் காட்டுவதுபோல வருகிறவர்களுக்குக் காட்டுவான். லேப்டாப்பில் பாட்டுப் பண்ணுவது பவுடரைக் கரைத்து அசாயி என்று குடிப்பதற்குச் சமம் என்று ஒருமுறை மைக்கிலேயே சொன்னவன். பெலேமில் ஒருவரைத் திட்ட அதைவிடக் கேவலமான வார்த்தை கிடையாது. கூட்டத்தில் அன்று ஜசிரேமாவும் நின்றிருந்தாள்.

"அக்கா, அந்தத் தவளைச் சத்தம். எந்த மிஷின்ல எடுத்தீங்க?" என்றான்.

"ஏன் தம்பி, லேப்டாப்புன்னு தோணலையா?"

"என்கிட்டயே விளையாடுறீங்களே. சாஃப்ட்வேர் சத்தம் கண்ணாடிக்குள்ள தெரியுற சோறு மாதிரி. வயித்துக்கு வராது. இதுல சூடு இருக்கு, உடம்பு இருக்கு. மரப்பெட்டி போட்ட பழைய மிஷின். கேட்ட மாத்திரத்துல சொல்லிட்டேன்."

அதுவரை அவளுக்கு உண்மையைச் சொல்லும் எண்ணம்தான் இருந்தது. மரப்பெட்டி என்றதும் அது போய்விட்டது. தோளில் அளவுக்கு எடுத்து வந்த துணி கிடந்தது. ஓர்கிடியா, அதாவது ஆர்கிட், பூப்போட்டது, பன்னிரண்டாம் நம்பர் துணி.

"புடிச்சிட்டீங்களே" என்றாள் மெதுவாக. "ஓர்கிடியா பன்னெண்டு. சூரினாம்ல ஒரு டச்சுக்காரர் செஞ்சது. மொத்தமே நாலு பெட்டிதான். அப்புறம் மனுஷன் சாமியாராப் போயிட்டாரு."

க்ளெய்ட்சன் ஒரு காலை வாசற்படிக்குள் வைத்துவிட்டான். "காட்டுங்க."

"மராஜோ தீவுல எங்க மாமா வீட்டுல ஞானஸ்நானம். அதுக்குப் போயிருக்கு."

"மிஷினா?"

"மாமாதான் தூக்கிட்டுப் போனாரு. அது தனியாவா போகும்?"

அவன் போனபிறகு, ஊஞ்சல் படுக்கையில் கிடந்த அடமோர் தலையைத் தூக்கினான். "ஒண்ணுதான்னு சொல்லியிருக்கலாம்ல. இப்ப மீதி மூணைத் தேடப் போறான்."

தேடத்தான் போனான். அதோடு, போன இடமெல்லாம் சொல்லிக்கொண்டும் போனான். மாதம் முடிவதற்குள் ஓர்கிடியா பன்னிரண்டைப் பார்த்தவர்கள் ஊரில் நிறையப் பேர் கிளம்பிவிட்டார்கள். ஒருவன் அதைக் கயானா எல்லையில் சுங்கச்சாவடியில் பார்த்திருந்தான். இன்னொருவன் அதைத் தொட்டு லேசாக ஷாக்கும் வாங்கியிருந்தான். உச்சக்கட்டம் என்னவென்றால், நஸாரே தெருவில் ஒரு பெரிய வீட்டுக்கு ஜசிரேமா ஜன்னல் அளக்கப் போனபோது, வீட்டுக்காரம்மா காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கண்கலங்கினாள்.

"நானும் என் வீட்டுக்காரரும் மொதமொதல்ல ஆடுனது அந்த ஓர்கிடியா சத்தத்துக்குத்தாம்மா. அவரு போனப்புறம் இப்பத்தான் மறுபடி கேக்குறேன்."

ஜசிரேமா அளவு டேப்பைச் சுருட்டியபடி, "ஆமாங்கம்மா, ஒருதரம் கேட்டா மறக்காது" என்றாள். அந்த ஜன்னலுக்குக் கேட்ட விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். மனசு கேட்கவில்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை க்ளெய்ட்சன் வண்டியோடு வந்து நின்றான். "அக்கா, கிளம்புங்க. இன்னொண்ணு கிடைச்சிருச்சு. குவாமா பக்கம் ஓரிவால்டோன்னு ஒரு ரிப்பேர்க்காரர். அசலா போலியான்னு நீங்கதான் சொல்லணும். உலகத்துலயே அதை வெச்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தானே."

வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தாள். வழியில் மருந்துக்கடை இருக்கிறது என்றான். அடமோர் மட்டும் கசங்கின சட்டையை மாட்டிக்கொண்டு ஆர்வமாக முன்சீட்டில் ஏறிக்கொண்டான். "இதைப் பாக்காம விட்டா நான் மனுஷனே இல்ல" என்று அவள் காதில் முணுமுணுத்தான்.

ஓரிவால்டோவின் கடையில் மின்விசிறிகளும், சர்ச் ஸ்பீக்கர்களும், வயிறு பிளந்த மிக்ஸிகளும் கிடந்தன. ஆள் வழுக்கைத்தலை, சிரிப்பே இல்லாத முகம். மூலையில் ஒரு போர்வையை விலக்கினார். கட்டிலோரம் வைக்கிற குட்டி அலமாரி ஒன்று. அதன் நெஞ்சில் யாரோ எறிந்த ஆர்மோனியத்தின் கட்டைகள். கேஸ் அடுப்புக் குமிழ்கள் பதினாலு. எல்லாவற்றுக்கும் மேலே பித்தளைத் தகடு, அதில் 'ஓர்கிடியா 12, பாராமாரிபோ' என்று, சூரினாம் தலைநகரின் பெயரோடு, அழகாகச் செதுக்கியிருந்தது.

ஜசிரேமா தகட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் கண்ணும் இமைக்கவில்லை.

"என் பெட்டிக்கு இடது பக்கம் ஒரு கீறல் இருக்கும்" என்றாள்.

"இதுக்கு வலது பக்கம்மா. ரெண்டும் ஒரே பலகையில அறுத்தது."

"டச்சுக்காரரைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன. கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பாரு."

"கடைசில சாமியாராப் போயிட்டாரு."

"அது உங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும். அதுக்கப்புறம் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு."

அடமோர் வெளியே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது.

ஓரிவால்டோ சுவிட்சைப் போட்டார். முதலில் ஒன்றுமில்லை. பெட்டி சூடாக வேண்டும் என்றார். பிறகு ஒரு கட்டையை அழுத்தினார். வந்த சத்தத்துக்கும் அவளுடைய தவளைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது வேறு. தூக்கத்தில் புரண்டு படுக்கிற பெரிய மிருகத்தின் பெருமூச்சு. அதன் அடியில் மெல்லிய அழுகை. ஜசிரேமாவுக்குக் கையெல்லாம் புல்லரித்தது. லேப்டாப்பில் எத்தனை ராத்திரி தேடியிருப்பாள், இப்படி ஒன்று அகப்பட்டதே இல்லை. அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

"அதே சத்தம்" என்றான் க்ளெய்ட்சன், கண்ணை மூடிக்கொண்டு. "அட்சரம் பிசகாம அதே சத்தம்."

ஒன்பது சிந்தசைசர் வைத்திருக்கிறவனின் காது எப்படிப்பட்டது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அதை ரசிக்க நேரமில்லை. அவன் பேரம் பேச ஆரம்பித்திருந்தான். போலி என்று சொன்னால் ஓரிவால்டோவுக்கு அவமானம், தன் பொய்யும் அதோடு சந்திக்கு வரும். அசல் என்று சொன்னால் இந்த மூச்சு நேராக ஆமையின் வயிற்றுக்குள் போய்விடும்.

"அசல்தான்" என்றாள். "தம்பிக்கு யோகம். ஏசியை மட்டும் இன்னைக்கே கழட்டிருங்க."

"ஏன்?"

"ஓர்கிடியாவாச்சே. புழுக்கத்துல வளர்ந்தது. குளிர் பட்டா ஊமையாயிடும். நான் வீட்டுல விசிறிகூடப் போடுறதில்ல, பாத்தீங்கல்ல?"

ஓரிவால்டோ உடனே பிடித்துக்கொண்டார். "ஈரமும் வேணும். சுவத்துல லேசாப் பூஞ்சை இருந்தா நல்லது."

க்ளெய்ட்சன் குளிர்பதன அறையில் தூங்கி, குளிர்பதன வண்டியில் போய்வருகிறவன். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்றான். வண்டியை எடுக்கும்போதே ஏசியைப் போட்டுக்கொண்டான்.

ஜசிரேமாவும் அடமோரும் பிறகு வருவதாகச் சொல்லி நின்றுவிட்டார்கள். வண்டி மறைந்ததும் ஓரிவால்டோ முதல்முறையாகச் சிரித்தார். "உங்க பாட்டு ரேடியோல வந்துச்சு. அந்தச் சத்தத்தைச் செஞ்சு பாப்போம்னு உக்காந்தேன், வரல. இது வந்துச்சு. சரி, பேராவது சரியா இருக்கட்டும்னு தகடு அடிச்சேன். ஆமா, நெசத்துல உங்களது என்ன மிஷின்?"

"லேப்டாப்பு" என்றாள்.

மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மூணு மாசம் முட்டியிருக்கேனே."

கடை ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்துத் தருவதாகப் பேசி, பெட்டியை அன்றைக்கே இரவலாகத் தூக்கி வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. வேலைக்கு எதை வைத்துக்கொள்வது, பெட்டியையா, லேப்டாப்பையா? பெட்டிக்கு ஞாபகம் என்பதே கிடையாது. நேற்று உயிரை உருக்கிய சத்தத்தை, பதினாலு குமிழையும் அதே இடத்தில் திருப்பி வைத்தாலும் இன்று தராது. மழை இறங்கினால் அதன் ஸ்ருதியும் கூடவே இறங்கும். லேப்டாப் அப்படியில்லை, சொன்னதைச் செய்யும், செய்ததை மறக்காது, தப்பு செய்தால் ஒரு பொத்தானில் பின்னுக்குப் போகலாம். ஒருநாள் முழுக்கப் பெட்டியை வைத்தே பாட்டுப் பதிவு செய்தாள். வெயில் ஏறஏறப் பெட்டியின் ஸ்ருதியும் ஏறியது. மரினால்வா விடாமல் அதன் பின்னாலேயே ஏறினாள். மூன்றாவது சரணத்தில் பக்கத்து வீட்டு நாய் பதில் கொடுத்தது.

"அக்கா, காலையில நான் பாடுன ஸ்ருதி எங்க போச்சு?" என்று கேட்டாள் மரினால்வா, தண்ணீரைக் குடித்துக்கொண்டே. "எதையாவது ஒண்ணைப் பிடிச்சுக்கோ. ரெண்டு புருஷன் வெச்சிருக்கிறவ மாதிரி இங்கயும் அங்கயும் ஓடுற."

லேப்டாப்புக்குத் திரும்பினாள். பாட்டு ஒரே நாளில் முடிந்தது, சுத்தமாக இருந்தது. கேட்டுவிட்டு அடமோர் நன்றாகத் தூங்கினான். கடைசியில் அவள் கண்ட வழி இது: பெட்டி எப்போது நல்ல மனநிலையில் இருக்கிறதோ, அப்போது அதை இஷ்டத்துக்குப் பாடவிட்டுப் பதிவு செய்துகொள்வாள். பிறகு அந்தப் பெருமூச்சுகளை லேப்டாப்புக்குள் நறுக்கி, ஸ்ருதி சேர்த்து, வேண்டிய இடத்தில் வைப்பாள். இரண்டையும் ஏமாற்றுகிற வேலைதான். ஆனால் அப்படிச் செய்த முதல் பாட்டுக்கே ஆமையின் தலை இரண்டு தடவை எழும்பியது.

க்ளெய்ட்சன் மறுபடி வந்தபோது, அவளுக்கே அந்தப் பொய் அலுத்துப்போய், லேப்டாப்பைத் திறந்து தவளைச் சத்தத்தை வாசித்துக் காட்டினாள். "இதான் தம்பி அது. மொதல்லேர்ந்தே இதான்."

அவன் கண்ணை மூடிக் கேட்டான். "நல்லா காப்பி பண்ணியிருக்கீங்க அக்கா" என்றான் அன்போடு. "சாதாரண ஆளுங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

அவனிடம் இதற்குமேல் உண்மையை வற்புறுத்துவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

ஓரிவால்டோ இப்போது சனிக்கிழமை தவறாமல் வருகிறார். பெட்டியைப் பார்த்துப் போகத்தான் என்பார். வந்ததும் நேராக லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டால் சோறு போடுகிறவரை எழுந்திருப்பதில்லை. "இத்தனை வாத்தியமும் இதுக்குள்ளயா? கரன்ட்டு ஷாக்கே அடிக்கலையே" என்று தனக்குத்தானே கத்திப் பேசிக்கொள்வார். ஜசிரேமா இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து அலமாரிப் பெட்டியின் குமிழ்களைத் திருகிக்கொண்டிருப்பாள். போன வாரம் மரினால்வா பாடத் தயாராக வந்து வெகுநேரம் நின்றுபார்த்தாள். இரண்டு பேரும் நிமிரவில்லை. சமையலறையில் அடமோர் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். அவள் அவனிடமே போய்ப் பாட ஆரம்பித்தாள்.