ஒன்பதாம் நம்பர் டோக்கன்

டிங்!

தகரம் ஆணியில் மோதுகிற சத்தம். ஒரு ஸ்பூன் தரையில் விழுந்தால்கூட அதைவிடப் பெரிதாகக் கேட்கும். ஆனால் அப்போது என் தலைக்கு மேலே மேடை. மேடையின் இருபுறமும் ஆள் உயர ஸ்பீக்கர்கள். எதிரே நாற்பதாயிரம் பேர். என் இரண்டு காதுகளையும் கெட்டியான காதுமூடி மறைத்திருந்தது. அதற்குள் வாக்கி டாக்கியின் குரல் மட்டும்தான் வரும். பக்கத்தில் நின்று யாராவது கத்தினாலும் கேட்காது.

எனக்கு அந்த 'டிங்' கேட்டது.

நேரம் 8.09. என் நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

பாட்டுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். மூன்று நாள் இசை விழாவுக்குச் சம்பளமில்லாத தொண்டராகப் போகிற ஆளா நான்? போனது என் ஓரகத்திக்காக. கொழுந்தன் ஒருநாள் காலையிலேயே வீட்டுக்கு வந்து நின்றான்.

"அண்ணி, இந்த வருஷமும் போயே தீருவேன்னு நிக்கிறா. போன வருஷம் தொண்டரா போயிட்டு வந்ததிலேர்ந்து அவ அவளாவே இல்ல. நீங்க கூடப் போங்க. பத்திரமா கூட்டிட்டு வந்துடுங்க."

அவன் சொன்னது உண்மைதான். வாய் ஓயாமல் பேசிச் சிரிக்க வைப்பவள், ஒரு வருஷமாக மரத்துப் போனவள் மாதிரி இருந்தாள். டீ என்றால் உயிரை விடுபவள், டீயையே விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டால் சுவரைப் பார்ப்பாள்.

விழாவில் எனக்குக் கொடுத்த வேலை, மேடைக்கு அடியில் போகும் சின்ன வாசலில் நிற்பது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் இருபது ஆணிகள். உள்ளே போகிறவர்கள் கழுத்தில் தொங்கும் தகர டோக்கனைக் கழற்றித் தங்கள் நம்பர் ஆணியில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். டோக்கன் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது. பலகை வெறுமையானால் நான் வாக்கி டாக்கியில் "காலி" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான், மேடையிலிருந்து பாடகரைக் கீழே இறக்கும் லிஃப்ட் அசையும். இரண்டு டன் இரும்பு.

ஒன்பதாம் ஆணியில் மட்டும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அந்த நம்பர் யாருக்கும் இல்லை. தொண்டர்களை மேய்க்கிற மனிதருக்குக் 'கேப்டன்' என்று பெயர். அவரிடம் கேட்டேன்.

"அது தொலைஞ்சு போச்சும்மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள், 7.52. லிஃப்டுக்குப் போகிற ஒரு கேபிள் தளர்ந்துவிட்டது என்று நான்கு பேர் உள்ளே போனார்கள். முதலில் எலக்ட்ரீஷியன். நத்தை தோற்றுவிடும் வேகத்தில் வேலை செய்வதால் எல்லோரும் அவரை 'மின்னல்' என்பார்கள். கடைசியாக என் ஓரகத்தி. பதினான்காம் ஆணியில் டோக்கனை மாட்டினாள். அவள் காதுமூடியைத் தூக்கிக் கத்தினேன்.

"சீக்கிரம் வந்துடு!"

தலையை ஆட்டினாள்.

8.06. வெளியே வந்தார்கள். அதே நேரம் கடைசிப் பாட்டுக்கு ஆடுகிறவர்கள் இருபது பேர் குறுக்கே ஓடினார்கள். ஒரே இருட்டு. ஒரே தள்ளுமுள்ளு. மின்னல் நான்கு டோக்கன்களையும் ஒரே பிடியாக அள்ளிக்கொண்டு டீக் கூடாரத்துக்கு நடந்தார். மூன்று நாளாக அதுதான் வழக்கம். ஒருத்தர் எல்லோருடையதையும் எடுப்பார். டீ குடிக்கும்போது பிரித்துக்கொள்வார்கள். வாசலில் நெரிசல் குறையும். எனக்கும் சௌகரியம்.

என் வேலை டோக்கனைப் பார்ப்பது. தலையை எண்ணுவது இல்லை.

8.09. காதுமூடிக்குள் கேப்டன் குரல். "காலியா?"

பலகையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பொத்தானை அழுத்தி வாயைத் திறந்தேன்.

டிங்!

ஒன்பதாம் ஆணியில் ஒரு டோக்கன் ஆடிக்கொண்டிருந்தது...

கறுப்பு டேப்பைக் காணோம்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். சுற்றிலும் யாரும் இல்லை. டோக்கனைக் கழற்றிப் பையில் போட்டேன். ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது.

"காலியான்னு கேட்டேன். பாட்டு முடிய நாலு நிமிஷம்தான் இருக்கு."

"ஒரு நிமிஷம்..."

டிங்!

8.11. ஒன்பதாம் ஆணி. டோக்கன். பையைத் தடவினேன். வெறும் பை.

மறுபடியும் கழற்றினேன். இந்த முறை கைக்குள் வைத்து இறுக்கி மூடிக்கொண்டேன். விரல் மரத்தது. மணிக்கட்டு மரத்தது. முழங்கை வரைக்கும் என் கை என்னுடையதாக இல்லை. பயம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். ஒன்றுமே வரவில்லை.

"ஏம்மா, தூங்கிட்டியா? காலியா, இல்லியா?"

கையைத் திறந்தேன்.

டோக்கன் இல்லை.

டிங்!

8.12.

"காலி இல்ல" என்றேன்.

"யாரு கீழ?"

"ஒன்பது."

 

"லிஃப்ட்டை நிறுத்து!" கேப்டன் யாரிடமோ அலறினார். "கரண்டைக் கட் பண்ணு! பாடகரை நடந்தே இறங்கச் சொல்லு!"

என் டோக்கனைக் கழற்றி இருபதாம் ஆணியில் மாட்டினேன். பழக்கம். டார்ச்சோடு குனிந்து உள்ளே போனேன்.

வெளியே நாற்பதாயிரம் பேர் குதிக்கிறார்கள். உள்ளே புழுதி உதிர்கிறது.

லிஃப்ட் பலகைக்கு நேர் கீழே ஒருத்தி மண்டியிட்டிருந்தாள். என் ஓரகத்தி.

இரண்டு கையிலும் கேபிள். விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்தாள்.

அவள் காதுமூடியையும் என்னுடையதையும் பிடுங்கினேன். "என்னடி பண்றே இங்க?"

"இருங்கக்கா. அந்தப் பக்கம் அவர் பிடிச்சிருக்கார். விட்டா அறுந்துடும்."

"யாரு?"

"மின்னல் அண்ணன்."

மின்னல் டீக் கூடாரத்தில் இருந்தார்.

டார்ச்சைக் கேபிள் மேல் ஓட்டினேன். இரண்டடி... நான்கடி... ஆறடி... அந்தரத்தில் நேராக நின்றது.

அங்கேயே முடிந்தது.

நுனியில் யாரும் இல்லை.

பிறகு... மெதுவாக... கேபிள் தொய்ந்தது. யாரோ பதமாகக் கீழே வைத்த மாதிரி.

அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்து பலகையைப் பார்த்தேன். இருபதாம் ஆணியில் என் டோக்கன். ஒன்பதாம் ஆணியில் கறுப்பு டேப். சுற்றியது சுற்றியபடி.

9.05. டீக் கூடாரம். மின்னல் தன் உள்ளங்கையில் இருந்த பதினான்காம் டோக்கனையே வெறித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை.  என் முன்னால் இருந்த கோப்பையில் ஆவி பறந்தது. பிடித்தேன். சூடு தெரியவில்லை.

கேப்டன் தரையைப் பார்த்துப் பேசினார்.

"போன வருஷம்மா. லைட் போடற ஆளு. கீழ இருந்தாரு. பலகை காலியா இருந்துச்சு. லிஃப்டை இறக்கிட்டோம். ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்து போய்ட்டாரு. வெளிய, தவறி விழுந்துட்டார்னு சொல்லிட்டோம்."

"அவர் நம்பர்?"

"ஒன்பது."

"அந்த டோக்கன் இப்ப எங்க?"

"அவரோடயே அனுப்பிட்டோம். என் கையாலதான் அவர் கழுத்துல போட்டேன்."

அப்படியென்றால் அவர் இன்னும் கீழேதான் இருக்கிறார். வேலை முடியவில்லை. ஒழுங்காக டோக்கனை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார். நான்தான் அதை இரண்டு முறை கழற்றினேன்.

"டோக்கன் மாட்டாம உள்ள போற ஆளே இல்ல அவரு" என்றார் கேப்டன். "டோக்கன் டீ மேசை மேல கிடந்துச்சு. அதை யாரு எடுத்தாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியல."

என் ஓரகத்தி தன் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னை நேராக நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் எல்லாரோடதையும் சேர்த்து எடுத்தேன்க்கா... டீ ஆறிடுமேன்னு."