சைகோன் குளவி என்று சொன்னார்கள்

என் அண்ணன் சைகோனிலிருந்து கொண்டுவந்த குளவிதான் அந்த ஆளைக் கொன்றது என்று பாகூரில் முதலில் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. என் கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. நான் பாகூரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்தேன். எங்கள் தாத்தா அதே ஊரில், ஏரிக்குக் கீழே இருந்த பெரிய வீட்டுக்காரரின் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அப்பா கிறிஸ்து வேதத்தில் சேர்ந்து, கன்னியர்களின் பள்ளியில் எங்களைப் படிக்கப் போட்டார். அண்ணன் பிரெஞ்சு படித்து, கப்பலேறி, சைகோன் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தான். நெஞ்சுச் சளி முற்றித் திரும்பி வந்தபோது அவனிடம் காசு பணம் அதிகமில்லை. கண்ணாடி மூடி போட்ட தட்டையான ஒரு தேக்குப் பெட்டி இருந்தது. அதற்குள் வரிசையாக ஊசி குத்திய குளவிகள்.

அவை ராத்திரிக் குளவிகள். பகலெல்லாம் கூட்டுக்குள் கிடந்து, இருட்டிய பிறகு இரை தேடப் போகிறவை. தோட்டத்து பங்களாவின் விளக்குக்கு வந்து விழுந்தவற்றை அண்ணன் பிடித்து வைத்திருந்தான். காலை வெயிலில் முற்றத்தில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இனம் பிரிப்பான். உடம்பு முழுக்க ஒரே தேன் நிறம், பட்டை கிடையாது. நெற்றியில் குளவிகளுக்கு மூன்று சின்னக் கண்கள் உண்டு. பகலில் பறக்கிற நம் ஊர்ப் பெருங்குளவியான கதண்டுக்கு அவை ஊசி முனை அளவு. இவற்றுக்கோ மூன்று கண்ணாடி மணிகளை ஒட்டி வைத்தாற்போல் புடைத்திருக்கும். இருட்டில் பறப்பதற்கு அந்தக் கண்கள் வேண்டும் என்பான். அவற்றிலேயே கொஞ்சம் பெரிதாகவும் கறுப்பாகவும் இருந்தவற்றைத் தனியாகக் குத்தியிருந்தான். அது வேறு இனமா, அதே இனத்தின் ராணியா என்பதில் அவனுக்குக் கடைசிவரை சந்தேகம் இருந்தது. சந்தேகம் என்றே சொல்லுவான். தெரியாததைத் தெரியும் என்று சொல்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

பெரிய வீட்டுக்காரரின் கரும்புக் கொல்லை வரப்பில் ஒற்றைப் பனைமரம் நின்றது. அதன் மட்டைகளுக்கு நடுவே கதண்டு கூடு கட்டியிருந்தது. வெட்டுக்கு ஆள் இறங்கவேண்டிய நேரம். மரத்துக்குக் கிட்டே போகவே ஜனம் பயந்தது. பெரிய வீட்டுக்காரர் ஒரு ஆளைக் கூப்பிட்டு, பொழுது சாய்ந்ததும் ஏறிக் கூட்டைக் கொளுத்து என்றார். எங்களுக்குத் தூரத்து உறவு அந்த ஆள், எனக்கு அண்ணன் முறை. மரம் ஏறத் தெரிந்தவர்தான். ஆனால் கதண்டுக் கூட்டுக்கு ஏறத் தனியாக ஒரு தைரியம் வேண்டும், அது தன்னிடம் இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். பெரிய வீட்டுக்காரர் கேட்கவில்லை. அந்த ஆளின் குடிசை நிற்கிற மண்ணும் தன்னுடையதுதான் என்று ஞாபகப்படுத்தினார். அதற்குமேல் அந்த மனுஷர் என்ன செய்வார்? ஒரு கையில் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

பாதிக் கூடுதான் எரிந்தது. மீதியில் இருந்தவை எல்லாம் பந்தத்தின் வெளிச்சத்துக்கே வந்தன. அவர் பந்தத்தை விட்டார், பிறகு மரத்தையும் விட்டார். தூக்கிக்கொண்டு வருவதற்குள் முகம் ஆள் அடையாளம் தெரியாமல் வீங்கிவிட்டது. பாகூர் ஆஸ்பத்திரி வாசலிலேயே மூச்சு நின்றது.

அண்ணன் ஓடிப்போய்ப் பார்த்தான். தலையில் கட்டியிருந்த துண்டின் மடிப்பில் செத்த கதண்டுகள் சிக்கியிருந்தன. அவற்றை எடுத்து ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தான். அந்த நேரத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. செத்தவர் தலையிலிருந்து பூச்சி பொறுக்குகிறானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடக்கம் முடிந்ததும் பேச்சு கிளம்பியது. பெரிய வீட்டுக்காரர் களத்துமேட்டில் உட்கார்ந்து சொன்னாராம்: பகல் குளவி இருட்டில் கொட்டாது, இவனைக் கொட்டியது இருட்டில், ஆகவே அது ராத்திரிக் குளவி, அந்தக் குளவி சைகோனிலிருந்து பெட்டியில் வந்தது, வந்து பெருகிவிட்டது. கேட்டவர்களுக்கு அது சரியாகவே பட்டது. கரிக்கலாம்பாக்கம் வரைக்கும் பரவியது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். எங்கள் கூரைமேல் கல் விழுந்தது. எங்கள் சொந்தக்காரர்களே எங்கள் வாசலைத் தாண்டும்போது முந்தானையால் தலையை மூடிக்கொண்டு போனார்கள்.

ஊசி குத்திய செத்த பூச்சி எப்படிப் பெருகும்? நான் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டேன். அண்ணன் கூச்சல் போடுகிறவன் இல்லை. ராணி ஒன்று உயிரோடு வந்திருந்தாலும் தனியாக அது கூடு கட்டாது, கூட்டத்தோடு கிளம்பிப் போய்த்தான் புதுக் கூடு வைக்கும், கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று இருமிக்கொண்டே சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை. நான் கேட்ட சாதாரணக் கேள்வியையே வாங்காதவர்கள் இதையா வாங்கப் போகிறார்கள்?

சாவு நடந்ததால் புதுச்சேரியிலிருந்து போலீஸ் அதிகாரி, கொமிசேர், வந்தார். வெள்ளைக்காரர். கொம்யூன் அலுவலகத்தில் விசாரணை. கொம்யூன் தலைவரான மேர் பக்கத்தில் பெரிய வீட்டுக்காரருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். செத்தவரின் பெண்சாதி வாசற்படிக்குக் கீழே நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

பெரிய வீட்டுக்காரர் தமிழில் சொன்னார், மேர் அதைப் பிரெஞ்சில் மாற்றிச் சொன்னார். "பனமரத்துல இருந்தது பழைய கூடு, காலியா கெடந்தது. இவன் பொட்டியில கொண்டாந்த பூச்சி அதுல போயி குடியேறிச்சி. எனக்கு இன்னா தெரியும்?"

அண்ணன் தீப்பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தான். தேக்குப் பெட்டியையும் பக்கத்தில் வைத்தான். பிரெஞ்சில் நேராகப் பேசினான். தீப்பெட்டியில் இருப்பது கறுப்பு, இடுப்புக்குக் கீழே அகலமாக ஒரு மஞ்சள் பட்டை. தேக்குப் பெட்டியில் இருப்பதில் பட்டையே இல்லை. நெற்றிக் கண்களைப் பாருங்கள் என்று பூதக்கண்ணாடியை நீட்டினான். பகல் குளவியும் கூட்டைக் கொளுத்தினால் இருட்டில் எழும்பும், எழும்பியது வெளிச்சத்தைத்தான் தேடும், அந்த வெளிச்சம் செத்தவர் கையில் இருந்தது என்றான். இதைவிடத் தெளிவாக ஒருவன் சொல்லமுடியாது.

கொமிசேர் பூதக்கண்ணாடியை வாங்கினார். தீப்பெட்டியை அவர் தொடவில்லை. தேக்குப் பெட்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அழகாகக் குத்தியிருக்கிறாய் என்று பாராட்டினார். பூச்சி சேர்க்கிற நண்பர் ஒருவர் தனக்கு இருப்பதாகவும், அவரிடம் காட்டிச் சரிபார்க்க எடுத்துக்கொண்டு போவதாகவும் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சரிபார்க்க வேண்டியது தீப்பெட்டியில் இருப்பதை அல்லவா என்று பிரெஞ்சிலேயே கேட்டேன். பொம்பிளை குறுக்கே பேசக்கூடாது என்று மேர் அதட்டினார்.

அப்போதுதான் செத்தவரின் பெண்சாதி என் கையைப் பிடித்தாள்.

"எந்தப் பூச்சியா இருந்தா இன்னா வாத்தியாரம்மா. எம் புருசங் கையில பந்தத்த குடுத்து ஏறுடான்னது ஆரு? அத கேக்கச் சொல்லு."

அதை நான் பிரெஞ்சில் சொன்னேன். ஒரு சொல் விடாமல், மேர் அதட்ட அதட்டச் சொன்னேன். கொமிசேருக்கு நன்றாகக் காது கேட்டது. பெரிய வீட்டுக்காரரின் முகத்தை ஒருமுறை பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பூச்சி கொட்டிய விபத்து என்று எழுதி முடித்தார். எந்தப் பூச்சி என்றுகூட எழுதவில்லை. எழுந்து போகும்போது தேக்குப் பெட்டியை அவருடைய ஆள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான்.

பெட்டி திரும்பி வரவே இல்லை. இருமலோடு அண்ணன் புதுச்சேரிக்குப் பலமுறை போய்க் கேட்டான். உள்ளே விடமாட்டார்கள், அல்லது நாளைக்கு வா என்பார்கள். ஒருநாள், அப்படி எதுவும் இங்கே வரவில்லை என்றே சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தான். அந்தப் பெரிய இனம் எது என்று இனிமேல் பார்க்க முடியாது என்றான். அவனுக்கும் சேர்த்து நான்தான் திட்டினேன், அந்தக் கொமிசேரை, மேரை, கரும்பு விளைந்த அந்த மண்ணை. அடுத்த மழைக்காலத்தில் அவனும் போய்விட்டான்.

என்னை நெட்டப்பாக்கத்துக்கு மாற்றினார்கள். காரணம் கேட்டேன், அங்கே ஆள் தேவை என்றார்கள்.

ஆனால் கரும்பு வெட்டு நடக்கவில்லை. நடக்கவில்லை என்றால், அந்தப் பனையைச் சுற்றிய பங்கில் நடக்கவில்லை. மிஞ்சிய கூட்டைக் கதண்டுகள் மறுபடி பெரிதாகக் கட்டிக்கொண்டன. கொளுத்த ஏறு என்று பெரிய வீட்டுக்காரர் ஒவ்வொரு ஆளாகக் கூப்பிட்டார். செத்தவரின் பெண்சாதி பிள்ளைகளோடு போய்க் கொல்லை முனையில் நின்றுகொண்டாளாம். கத்தவில்லை, அழவில்லை, ஏற வருகிறவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாளாம். ஒருவனும் ஏறவில்லை. குடிசையைப் பிடுங்குவேன் என்றார், ஒன்றிரண்டைப் பிடுங்கவும் செய்தார். அப்போதும் ஏறவில்லை. வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தார். அவர்கள் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், கூலி வேண்டாம் என்று வண்டியைத் திருப்பினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாகூருக்குப் போனபோது அந்தக் கொல்லையைப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் வெட்டி, தோகை கொளுத்தி, மண் தெரிந்தது. பனையைச் சுற்றி மட்டும் கரும்பு பூத்து, காய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தது. அவள் கொல்லைக்கு எதிரே சாலையோரம் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, நெட்டப்பாக்கத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை ஒழுகுகிறதா என்று விசாரித்தாள்.