ஆர்டிஸின் பென்சில்

ஆர்டிஸ் ஹாகனை எங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்காது. ஏன் என்று கேட்டால், "அவ வாய் சரியில்ல" என்பார்கள். பொய். அடிபட்ட பிள்ளைகளை ஐஸ் ஹாக்கி ஆடவிடாமல் உட்கார வைக்கிறாள், அதுதான் காரணம். கனடாவில், சஸ்காட்செவன் மாகாணத்தில், ஆறு மாதம் பனி கிடக்கும் ஊர் இது. சனிக்கிழமை ஆட்டத்தை விட்டால் எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

அவளும் நானும் ஒரே பள்ளியில் படித்தோம். கோதுமை விவசாயி மகள். பதினேழு வயதில் கோல் காத்து நின்றபோது மண்டையில் அடிபட்டது. இரண்டு வலி மாத்திரையைக் கொடுத்து அன்றைக்கே மறுபடி நிற்க வைத்தார்கள். அதன்பின் இரண்டு வருடம் அவளால் சேர்ந்தாற்போல் ஒரு பக்கம் படிக்க முடியவில்லை. எப்படியோ முட்டி மோதிப் பிசியோதெரபி படித்தாள். பனி அரங்கத்துக்குப் பின்னால், ஸ்கேட் கத்தி தீட்டும் கடைக்குப் பக்கத்து அறையில் வந்து உட்கார்ந்தாள். இருபத்தாறு வருடம் ஆகிறது.

அந்த அறையில் இருப்பது ஓடாத சைக்கிள் ஒன்று, தரையில் ஒட்டிய மஞ்சள் கோடு, ஒரு பென்சில். தலையில் அடிபட்ட பிள்ளைகள் சைக்கிளை மிதிக்க வேண்டும், கோட்டின் மேல் அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும், மூக்கை நோக்கி வரும் பென்சில் நுனியைப் பார்க்க வேண்டும். தலை வலித்தால் நேற்றைய பயிற்சிக்கு இறக்கிவிடுவாள். அழுதாலும் இறக்கிவிடுவாள். வாயில் எந்நேரமும் சூரியகாந்தி விதை.

என் மகள் மேரனுக்குப் பதினாறு வயது. ஜனவரியில் எதிரணிக்காரி ஒருத்தி அவளை ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரோடு வைத்து மோதினாள்; தலையில் அடி. ஐந்து வாரம் ஆர்டிஸிடம் போனாள். பிறகு கணினித் தேர்வு. ஆட்டப் பருவம் தொடங்குமுன், செப்டம்பரில், எல்லாப் பிள்ளைகளும் அதை எழுதுவார்கள்: சொற்களை நினைவில் வைப்பது, சட்டென்று பொத்தானை அழுத்துவது. அடிபட்ட பின் அதே தேர்வு. பழைய மதிப்பெண் வந்தால் மூளை தேறிவிட்டது என்று அர்த்தம். மேரனுக்கு அதே மதிப்பெண் வந்தது. ஆடலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். சனிக்கிழமை இறுதி ஆட்டம்.

ஆர்டிஸ் மட்டும் மசியவில்லை.

"பென்சில பாருன்னா ஒரு கண்ணு எங்கயோ ஓடுது. இவ ஆடக்கூடாது."

"தேர்வுலதான் தேறிட்டாளே!" என்று கத்தினேன்.

"அந்த மார்க்கக் கொண்டுபோய்க் குப்பைல போடு. செப்டம்பர்ல பன்னெண்டு வார்த்தைல நாலுதான் சொல்லியிருக்கா. ஊர்ல ஓடற வண்டி நம்பர் அத்தனையும் ஒப்பிக்கிற புள்ளடீ இவ! கார்லா, நேராச் சொல்லு. அன்னிக்கு ஒழுங்கா எழுதினாளா?"

"எழுதினா" என்றேன்.

எழுதவில்லை. எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையும் ஒழுங்காக எழுதுவதில்லை. முன்கூட்டியே வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதிவைத்தால், அடிபட்டு மந்தித்த மூளைக்கும் அதே மதிப்பெண் வரும். சீக்கிரம் ஆடலாம். இதற்குப் பெயர் எங்களிடம் சாமர்த்தியம். மற்றப் பிள்ளைகளுக்கு இதை அணியின் பெரிய பெண்கள் சொல்லித் தருவார்கள். மேரனுக்குச் சொல்லித் தந்தது நான். சாப்பாட்டு மேசையில், பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டை நீட்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே. "நாலு சொன்னாப் போதும்டீ, மிச்சத்த முழுங்கிடு."

அந்த வாரம் ஊரே ஆர்டிஸைக் கரித்துக் கொட்டியது. "தன்னால ஆட முடியலேன்னு அவளுக்கு வயித்தெரிச்சல்" என்றான் கோச் டாரில். நானும் தலையாட்டினேன். எனக்கு வெட்கமே இல்லை.

சனிக்கிழமை காரில் மேரன் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். பனியில் பட்ட வெயிலைப் பார்க்க முடியவில்லை அவளால். அரங்க வாசல் கூடத்தில் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, ரெண்டு மாத்திர குடு. கோச்சுக்குத் தெரிய வேணாம்."

என் கை பைக்குள் போனது. மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்தும் விட்டேன். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கூடத்தில் பாப்கார்ன் கடையருகே ஆர்டிஸ் உட்கார்ந்திருந்தாள். பதினேழு வயதில் அவளுக்கும் இரண்டு மாத்திரைதான் கொடுத்தார்கள். டாக்டர் கையெழுத்துக்குப் பிறகு அவளால் வேறென்ன செய்ய முடியும்? டாரில் உள்ளே போகும் வீராங்கனைகளை எண்ணிக்கொண்டு நின்றான்; மற்றத் தாய்மார்கள் காபியோடு நின்றார்கள். டப்பாவை மூடிவிட்டு, அத்தனை பேர் நடுவிலும் சொன்னேன்: "மேரன் செப்டம்பர்ல எழுதினது பொய். நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவ ஆடமாட்டா."

"இத நாளைக்குச் சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்றான் டாரில்.

மேரன் மட்டைப் பையைத் தரையில் அடித்தாள். "நீதானேம்மா சொன்ன! நீதானே!" அப்படியே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் குரலே அவள் தலைக்குள் இடித்திருக்கிறது.

ஆர்டிஸ் என் தோளில் கை வைப்பாள் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன். அவள் விதை உமியைக் காகிதக் கோப்பையில் துப்பினாள்.

"அஞ்சு வாரம், கார்லா. இவ உண்மையில எவ்ளோ தூரம் தேறியிருக்கான்னு தெரியாம அஞ்சு வாரம் தடவிக்கிட்டிருந்தேன். ஒரு வார்த்த சொல்ல அஞ்சு வாரமா உனக்கு? திங்கக்கெழம கூட்டிட்டு வா. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

பிறகு எழுந்து கூடத்தைப் பார்த்துக் கேட்டாள்: "உள்ள இன்னும் பதினாறு பேரு ஸ்கேட் மாட்டிட்டிருக்காளுங்க. யாரோட மார்க்கு நெஜம்? யாராவது ஒருத்தி சொல்லுங்கடீ."

பதினாறு தாய்மார்களும் கையிலிருந்த காபியைப் பார்த்தார்கள். உள்ளே மணி அடித்தது. பிள்ளைகள் பனியில் இறங்கினார்கள்.